நோபடி என்றொரு பயனர்

யுனிக்ஸ் பயனர் பட்டியலில், முழு அதிகாரமும் கொண்ட ரூட்டின் எண் 0. அதற்குத் திறக்காத கோப்பு அநேகமாக இல்லை. அதே பட்டியலில், லினக்ஸில் 65534 என்ற எண்ணோடு ‘நோபடி’ என்றொரு பயனரும் உண்டு. ‘யாருமில்லை’ என்று ஒரு கணக்குக்குப் பெயர் வைக்கும் தேவை, கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்தபோது எழுந்தது.

1980களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்.எஃப்.எஸ். முறையை வெளியிட்டது. அதன்வழி ஒருவர் தொலைவிலுள்ள சர்வரின் கோப்புகளைத் தன் வட்டில் இருப்பவைபோலவே கையாளலாம். அப்படியானால் தன் கணினியில் ரூட்டாக இருப்பவர் சர்வரிலும் ரூட்டாகிவிடுவாரா? அதைத் தடுக்க, ரூட்டாக வருபவரை நோபடியாக மாற்றித்தான் உள்ளே விட்டார்கள். நோபடிக்குத் தந்த எண் -2. 16 பிட்டில், குறியில்லாத எண்ணாக வாசித்தால் அதுவே 65534. நோபடிக்கு ஒரு கோப்பும் சொந்தமாக இருக்கக் கூடாது; அந்தப் பெயரின் பயனே அதுதான்.

வெப் சர்வருக்கும் இப்படி ஒரு பெயர் தேவைப்பட்டது. 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகளை ரூட்தான் திறக்கலாம் என்பது யுனிக்ஸின் பழைய விதி; வெப்புக்கு உரியது 80. ஆகவே சர்வர் ரூட்டாகத் தொடங்குகிறது. வெளியாரின் கோரிக்கைகளைக் கையாளும் புராசஸ்களோ அதிகாரத்தைத் துறந்துவிடுகின்றன. துறந்து யாராக மாறுவது? அப்பாச்சி என்ற வெப் சர்வரின் தொடக்ககால அமைப்புக் கோப்பில் நோபடி என்றே இருந்தது. என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வரின் மூலநிரலில் இன்றும் இயல்புநிலைப் பெயர் அதுதான்.

சிக்கலும் அங்கேயே முளைத்தது. யுனிக்ஸ் ஆளை எண்ணால் மட்டுமே அறியும். வேறு சேவைகளும் நோபடியாக ஓடினால், ஒன்றுக்குள் புகுந்தவர் மற்றதை நிறுத்தலாம், அதன் கோப்புகளைத் திருத்தலாம். பலர் கூடி ஒதுங்கியதில், ஒன்றுமில்லாதவனுக்குச் சொத்து சேர்ந்துவிட்டது. இன்று சேவைக்கொரு பயனர் என்பதே முறை. அது சரியான முறை என்பதில் எனக்கு ஐயமில்லை.

லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியன் வெப் சர்வருக்கு ஒதுக்கிய எண் 33, பெயர் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’. இந்தப் பெயர்தான் எனக்கு உறுத்துகிறது. ‘டேட்டா’ என்று இருப்பதால், தளத்தின் கோப்புகள் அனைத்தும் இந்தப் பயனருக்கே உரியவை என்று நம்பி, மொத்தத் தளத்தையும் அதன் பெயருக்கு மாற்றிவிடுகிறவர்கள் ஏராளம். டெபியன் ஆவணமோ நேரெதிராகச் சொல்கிறது: தளத்தின் உள்ளடக்கம் இந்தப் பயனருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது, இருந்தால், சர்வருக்குள் புகுந்தவர் தளத்தையே திருத்தி எழுதிவிடலாம். அந்தப் பயனருக்கு வாசிக்கும் உரிமை போதும். எழுதும் உரிமை, பதிவேற்றும் படங்களுக்கான கோப்புறையைப் போல உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில் மட்டும்.