ஏழிசையும் ஏழைக் குழந்தையும்

ஜொகூர் மாநிலத்துக்கென ஒரு நாட்டுப்பண் உண்டு. அம்மாநிலத்துப் பள்ளிக் கூட்டங்களில் மலாய்ச் சிறுவனும் சீனச் சிறுமியும் தமிழ்க் குழந்தையும் நிமிர்ந்து நின்று அதனைப் பாடுகின்றனர். அப்பண்ணுக்கு 1879-ஆம் ஆண்டில் இசை வகுத்தவர் யார்? ஜொகூர் பாருவில் வாழ்ந்த மக்கெர்டிச் கலிஸ்தான் என்னும் ஆர்மீனியர். அபு பக்கார் அந்நாளில் மகாராஜாவாக ஆண்டு வந்தார். மலாய்ச் சொற்கள் 1914-இல் அமைந்தன. வேற்றினத்தான் ஒருவன் ஆக்கிய இசை, இம்மண்ணிற் பிறந்த அனைவர்க்கும் பொதுச்சொத்தாயிற்று. இசைக்குக் குலமில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. சொல்லிக் கொடுத்த பண்ணைப் பாடுவது வேறு; இசையைக் கற்பது வேறு. அக்கல்வி தமிழ்க் குழந்தைக்கு, அதிலும் ஏழைக் குழந்தைக்கு, என்று கிட்டிற்று? அதனையே ஈண்டு ஆராய்வோம்.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்கும் தன்மொழியிலேயே பெயரிட்டவர் தமிழர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, இசையாசிரியனுக்கும் யாழாசிரியனுக்கும் இன்னின்ன தகுதி வேண்டும் என்று வகுத்துரைக்கின்றது. ஆசிரியர் இலக்கணம் கண்ட நாட்டில், மாணவன் யாராகவும் இருக்கலாம் என்னும் இலக்கணம் மட்டும் பிற்காலத்தே மறைந்துபோயிற்று. இசை குடும்பத்துக்குள் ஒடுங்கிற்று; பிறப்பு நோக்கிக் கற்பிக்கப்பட்டது. பாடிய பெண்ணை அரங்கிலே புகழ்ந்தவர்கள் தெருவிலே இகழ்ந்தனர். வயலில் உழைத்தவன் குழந்தைக்கோ, மதிலுக்கு வெளியே நின்று நாகசுரம் கேட்பது ஒன்றே இசைக் கல்வி!

இங்கே வியப்பொன்று உண்டு. இசையை எழுத்தால் குறிக்கும் முறை நமக்குப் பழமையானது. ச, ரி, க, ம என்ற எழுத்துகளை அறிந்தால் போதும். கோடுகளும் புள்ளிகளும் வேண்டா. இதனை ஒத்த ஒரு முறையை இங்கிலாந்திலே நார்விச் நகரத்துச் சாரா குளோவர் என்னும் ஆசிரியை வேறாகக் கண்டறிந்தார். சமயப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிக்க எளிய வழி தேடும் பணி, 1841-இல் ஜான் கர்வன் என்னும் போதகரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் அம்மையாரின் முறையைத் திருத்தி நாடெங்கும் பரப்பினார். எழுத்திசை அங்கே எளியோர் கைக்கருவியாயிற்று. அதே வகைக் கருவியை நெடுங்காலமாக வைத்திருந்த நாமோ, அதனைப் பெட்டியிலிட்டுப் பூட்டிச் சாவியைச் சிலர் இடுப்பிலே செருகி வைத்தோம்!

பிற நாட்டார் செய்ததையும் நோக்குக. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலே லோவெல் மேசன் என்பார், ஒரு பள்ளியில் ஊதியமின்றி இசை கற்பித்துக் காட்டினார். எல்லாக் குழந்தைகளாலும் பாட இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. 1838-இல் அந்நகரக் கல்விக் குழு, பொதுப் பள்ளிகளில் இசையைப் பாடமாக ஏற்றது. ஜப்பானோ, ஜொகூர்ப் பண் பிறந்த அதே 1879-இல், பள்ளிகளுக்கு இசைக் கல்வி வகுக்கவென்றே இசாவா சூஜி என்பார் தலைமையில் ஓர் அரசாங்க அமைப்பை நிறுவிற்று. இங்கு அரசுக்கு ஒரு பண் கிடைத்த ஆண்டில், அங்குக் குழந்தைகட்கு ஒரு பாடம் கிடைக்க வழி பிறந்தது.

தமிழகத்தில் முயற்சி இல்லாமல் இல்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் கண்டார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அண்ணாமலை செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி அமைத்தார். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்க நேர்ந்த இழிநிலையை மாற்ற எழுந்த அம்முயற்சிகள் போற்றத்தக்கன. ஆயினும் அவை முதலில் சென்றடைந்தது மேடையையும் கல்லூரியையுமே. திண்ணையில் அரிச்சுவடி ஓதிய குழந்தை கடைசி வரிசையிலேயே காத்திருந்தது.

நிற்க. கடல் கடந்து ஜொகூருக்கு வருவோம். இரப்பர்த் தோட்டங்களுக்குப் பிழைக்க வந்த தமிழர் தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் உடன்கொணர்ந்தனர். வேறு சொத்து அவர்களிடம் அரிது. பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஜொகூர்த் தோட்டங்களிலும் தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. தோட்டப் பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். கற்பித்தது எழுத்தும் எண்ணும். எனினும், ஆத்திசூடியையும் வாய்ப்பாட்டையும் பிள்ளைகள் ஓதியது இராகமிட்டே அன்றோ! இசை என்னும் பெயரில்லாமலே இசை அங்கு வாழ்ந்தது.

பெயரோடு அது தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்த ஆண்டு 1983. மலேசிய அரசாங்கம் அவ்வாண்டு நடைமுறைப்படுத்திய புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், இசையை ஒரு பாடமாக வகுத்தது. பின்னர் மேல்வகுப்புப் பிள்ளைகள் ரெக்கார்டர் என்னும் குழல் ஊதக் கற்றனர். 2011-இல் வந்த திட்டத்திலும் இசைக்கு இடம் நிலைத்தது. ஜொகூர் பாருவின் யஹ்யா அவால் சாலைத் தமிழ்ப்பள்ளி முதலாக, மாநிலத்திலுள்ள சுமார் 70 தமிழ்ப்பள்ளிகளுக்கும் அதுவே விதி. நம் முன்னோர் நூற்றாண்டுகளாகச் செய்யத் தவறியதை ஒரு கால அட்டவணை செய்தது! குலம் கேளாது, காசு கேளாது, ஆணா பெண்ணா என்று கேளாது, வகுப்பில் அமர்ந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இசை உரிமையாயிற்று.

இவ்வுரிமையை நாம் காத்தோமா? “பாட்டா சோறு போடும்?” என்பாரும், தேர்வு நெருங்கினால் இசை நேரத்தைக் கணிதத்துக்கு ஈந்துவிடுவாரும் நம்மிடையே இலரோ? ஆறாமாண்டு அரசுத் தேர்வு 1988-இல் தொடங்கி, 2021-இல் ஒழிக்கப்பட்டது. இன்று அச்சாக்கும் இல்லை. வசதியுள்ளோர் பிள்ளைக்கு மாலையில் வீணை வகுப்பு உண்டு. தோட்டம் விட்டு நகர்ப்புறத்து அடுக்கு வீட்டில் குடியேறிய உழைப்பாளியின் பிள்ளைக்குப் பள்ளியின் அப்பாடவேளையை விட்டால் வேறேது? அந்நேரத்தைப் பறிப்பது, இடித்த மதிலை மீண்டும் எழுப்புவதேயாம்.

இன்னொன்றும் எண்ணற்பாலது. யாழ்ப்பாணத்தில் 1931-இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை, மாணவர்க்குப் படிப்படியாக இசைத் தேர்வுகள் நடத்தி, நம் இசையைப் பள்ளிப் பருவத்திலேயே ஊன்றிற்று. ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிக் குழந்தை குழலூதட்டும், மலாய்ப் பாட்டும் பாடட்டும், நன்றே. அதனோடு ஏழிசையின் தமிழ்ப் பெயரையும், தன் பாட்டி பால்மரக் காட்டிற் பாடிய தாலாட்டின் மெட்டையும் அறிதல் வேண்டும். ஆர்மீனியன் தந்த பண்ணைத் தன்னதாக ஏற்ற குழந்தைக்கு, அன்னை தந்த பண் அந்நியமாதல் தகுமோ?

பெற்றோரே, ஆசிரியரே! வாரத்தில் அச்சிறு நேரம் உங்கள் பள்ளியில் பாட்டாக ஒலிக்கின்றதா என்று கேளுங்கள். ஒலிக்கின்றதெனின் வாழ்த்துங்கள், இல்லையெனின் மீட்டுத் தாருங்கள். அது கலைஞர் சிலரை ஆக்குவதற்கன்று; கலை சிலர்க்கே உரியது என்னும் பழம்பொய்யை அழிப்பதற்கு.