தரங்கம்பாடி அறிக்கையும் திருச்சபை ஒன்றிப்பும்

1919ஆம் ஆண்டு மே 1, 2 ஆகிய நாட்களில் தரங்கம்பாடியில் 33 திருப்பணியாளர்கள் கூடினர். அவர்களுள் 31 பேர் இந்தியர். மற்ற இருவர் அமெரிக்கரான ஷெர்வுட் எடியும் ஆங்கிலேயரான எச். ஏ. பாப்லியும் ஆவர். பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அவர்கள் வெளியிட்ட வேண்டுகோள் 'தரங்கம்பாடி அறிக்கை' எனப்படுகிறது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை தோன்றுவதற்கு இதுவே வித்தாக அமைந்தது.

பிரிவு வந்த வழி

1706இல் சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கி லுத்தரன் சபைப் பணியைத் தொடங்கினர். 19ஆம் நூற்றாண்டில் பல மிஷன்கள் வந்தன. ஒன்றோடொன்று போட்டியிடாதிருக்க அவை நிலப்பரப்பைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டன. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் மிஷன்களும், நாகர்கோவிலை உள்ளிட்ட தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷனும், மதுரையில் அமெரிக்கன் மிஷனும் பணியாற்றின. இதனால் ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதை அவருடைய நம்பிக்கை முடிவு செய்யவில்லை. அவர் பிறந்த ஊர் முடிவு செய்தது.

இந்த வேற்றுமை திருவிருந்தில்தான் வலித்தது. பேராயரிடம் திடப்படுத்தல் பெற்றவரே திருவிருந்தில் பங்கு பெறலாம் என்பது ஆங்கிலிக்கன் ஒழுங்கு. இலண்டன் மிஷன் சபைகளில் பேராயர் இல்லை. ஆகவே நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு வந்த கிறிஸ்தவர், அதே வேதத்தை வாசித்து அதே ஆண்டவரிடம் வேண்டுபவராக இருந்தும், பந்திக்கு வெளியே நிற்க நேர்ந்தது. இங்கிலாந்தில் அரசரும் பேராயர்களும் பிரிவினைச் சபையாரும் மோதிக்கொண்ட பழைய வழக்குக்கும் தாமிரபரணிக் கரை உழவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இப்பிரிவுகள் தாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து தங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்பதே தரங்கம்பாடியில் கூடியவர்களின் மனக்குறை.

வேலியைத் தாண்டிய பக்தி

தலைவர்கள் கூடிப் பேசுவதற்கு முன்பே பக்தி இந்த வேலியைத் தாண்டியிருந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) லுத்தரன் மரபில் வளர்ந்தவர். ஆனால் அவருடைய கீர்த்தனைகளைப் பாட எந்தச் சபையாரும் தயங்கவில்லை. ஆண்டவரை நெருங்கும் ஆவலோடு பாடும்போது, பாட்டு எந்த மிஷனிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்றிப்புக்கு முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்விலும் இதைக் காணலாம். 1874இல் வெள்ளாளன்விளையில் ஆங்கிலிக்கன் குருவின் மகனாகப் பிறந்த அவர், ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகப் பல சபை இளைஞரோடு பழகினார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தாங்களே ஊழியர்களைப் பிற இடங்களுக்கு அனுப்புவதைக் கண்டார். அந்தத் தூண்டுதலால் 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் எழுந்தது. 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. சாதியால் ஒடுக்கப்பட்டுக் கிறிஸ்துவிடம் வந்த தெலுங்கு நாட்டு எளிய மக்களுக்குச் சபையும் பிளவையே காட்டலாகாது என்பது அவர் கவலை.

27 ஆண்டுப் பேச்சுவார்த்தை

1920இல் தொடங்கிய பேச்சுவார்த்தை நெடுநாள் நீடித்தது. பேராயர் கை வைத்து அபிஷேகம் பண்ணாத குருவை ஏற்கலாமா என்பதே பெரிய சிக்கல். ஏற்கெனவே பணியில் உள்ள எல்லாக் குருக்களையும் மறு அபிஷேகமின்றி ஏற்பது, இனி வருபவர்களைப் பேராயரே அபிஷேகம் பண்ணுவது என்று முடிவாயிற்று. இரு தரப்பும் விட்டுக் கொடுத்தன. அசரியா 1945 ஜனவரி 1 அன்று காலமானார். அவருடைய சபை ஒன்றிப்புக்கு ஒப்புதல் அளித்தது அதே மாதத்தில்தான்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்த், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை ஒன்றாயின. இவற்றுள் ஐக்கிய சபை, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் இணைந்து உருவானது. பேராயர் உள்ள சபையும் இல்லாத சபையும் இவ்வாறு இணைந்தது சீர்திருத்தக் காலத்துக்குப் பின் இதுவே முதல் முறை. பேராயர் இல்லாத ஸ்காட்லாந்துச் சபையிலிருந்து வந்த லெஸ்லி நியூபிகின் மதுரை–இராமநாதபுரம் பேராயரானார். யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷன் சபைகளும் இத்திருச்சபையில் ஒரு பேராயமாகச் சேர்ந்தன.

எஞ்சிய பணி

எல்லாரும் இணைந்துவிடவில்லை. தரங்கம்பாடி அறிக்கை எழுந்த அதே 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இன்றும் தனியே உள்ளது. இணைந்த சபைக்குள்ளும் சாதிப் பிரிவும் தேர்தல் பகையும் சொத்து வழக்கும் தலைதூக்கின. விதிகள் சபைகளை ஒரே கூரையின் கீழ்க் கொண்டு வந்தன. மனங்களை ஒன்றாக்கும் வேலை விதிகளால் முடிவதில்லை.

தென்னிந்தியத் திருச்சபை தன் இலச்சினையில் பொறித்திருப்பது, யோவான் நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களின் ஒருமைக்காகச் செய்த வேண்டுதலை. அது சீடர்களுக்கு இட்ட கட்டளை அல்ல, பிதாவை நோக்கிய ஜெபம். பிதாவும் குமாரனும் ஒன்றாயிருப்பதுபோல் சீடர்களும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. கடவுளை நெருங்குகிறவர்கள் ஒருவரையொருவரும் நெருங்குகிறார்கள். அவரை விட்டு விலகும்போது ஒரே ஆலயத்திலும் அயலாராகிறார்கள். தரங்கம்பாடியில் தொடங்கிய வரலாறு கற்பிக்கும் பாடம் இது.