டிரம்பெட்டுக்குப் பெயர் உண்டா? பம்பாய்த் திரையிசையின் ஊதுகருவிக் கலைஞர்களும் எழுதப்பட்ட இசையின் உரிமையும்

ராக் இசையில் ஊதுகருவிகளுக்கு நிலையான இடம் பெற்றுத்தந்த குழுக்களுள் முதன்மையானது 'சிகாகோ'. 1967இல் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாக இயங்கிவரும் இக்குழு, 1969இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது அதன் எழுவரில் மூவர் ஊதுகருவிக் கலைஞர்கள்: டிரம்பெட்டில் லீ லாக்னேன், டிராம்போனில் ஜேம்ஸ் பாங்கோ, சாக்சபோனிலும் புல்லாங்குழலிலும் வால்டர் பாரஸைடர். இவர்கள் கூலிக்கு அழைக்கப்பட்டவர்கள் அல்லர்; குழுவின் உறுப்பினர்கள். ஊதுகருவிகளுக்கான பகுதிகளைப் பெரும்பாலும் எழுதிய பாங்கோவின் பெயர், பாடலாசிரியராகவும் இசைத்தட்டில் அச்சாயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாயிலும் டிரம்பெட்டும் சாக்சபோனும் மின்கிதாரும் டிரம்சும் ஒன்றாக ஒலித்தன. அந்த ஒலி இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் சென்றது. ஆனால் ஊதியவர் யார், ஊதவேண்டியதை எழுதியவர் யார் என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. இதைத் தற்செயலான மறதி என்று கொள்ள இயலாது. தொழில் அமைப்பும் சட்டமும் சேர்ந்து உருவாக்கிய பெயரின்மை இது.

கோவாவிலிருந்து தாஜ் வரை

போர்த்துகீசிய ஆட்சிக்காலக் கோவாவில், தேவாலயங்களைச் சார்ந்த பங்குப் பள்ளிகள் சிறுவர்களுக்கு மேற்கத்திய இசைக்குறியீட்டையும் வயலினையும் கற்பித்தன. வழிபாட்டுக்குப் பாடகர்களும் வாசிப்பவர்களும் வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் அங்குக் கற்றவர்களுக்கு ஊரில் போதிய வேலை இல்லை. அவர்கள் பிரிட்டிஷ் இந்தியாவின் படைப்பிரிவு இசைக்குழுக்களுக்கும், ஊமைப்படத் திரையரங்குகளுக்கும், ஓட்டல்களுக்கும் பெயர்ந்தனர். 1931இல் பேசும்படம் வந்தபின் திரையரங்கு வாசிப்பு மறைந்தது. நடன அரங்குகளே பிழைப்பாயின.

1935இல் லியோன் ஆபி என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர் தம் ஜாஸ் குழுவுடன் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்தார். அவருக்குப்பின் டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித், பியானோ கலைஞர் டெடி வெதர்போர்ட் ஆகியோர் வந்தனர். கோவா இளைஞர்கள் இவர்களைக் கேட்டும் இவர்களுடன் வாசித்தும் கற்றனர். தாளில் உள்ளதைப் பிசகாமல் வாசிக்கும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. தாளில் இல்லாததை அந்தக் கணத்தில் உருவாக்கும் துணிவு இந்தப் பள்ளியில் கிடைத்தது. 1939 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாஜில் குழு நடத்திய மிக்கி கொரியாவும், 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' எனப் பெயர்பெற்ற சிக் சாக்லெட்டும் (அந்தோனியோ சேவியர் வாஸ், 1916–1967) இந்த மரபின் விளைச்சல்.

ஓட்டல் மேடையில் இவர்களுக்குப் பெயர் இருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. குழு, தலைவரின் பெயரால் அறியப்பட்டது. விளம்பரங்களில் அப்பெயர் இடம்பெற்றது. பெயர் மறைந்தது படப்பிடிப்பு நிலையங்களில்தான்.

மதுவிலக்கும் மெட்டும்

1949ஆம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இரவுக் கேளிக்கை அரங்குகளின் வருவாயை அடித்தது. வெள்ளையரும் பெருமளவில் வெளியேறியிருந்தனர். அதே வேளையில் இந்தித் திரையிசை பெரிய வாத்தியக் குழுக்களைக் கேட்கத் தொடங்கியது. டிரம்பெட்டுகள் படப்பிடிப்பு நிலையங்களை நோக்கி நகர்ந்தன.

இந்த நகர்வின் பாலமாக அமைந்தவர் இசையமைப்பாளர் சி. ராம்சந்திரா. தமிழ் வாசகர்களுக்கு அவர் அந்நியர் அல்லர். இந்தியில் புகழ்பெறுவதற்கு முன்பே 'ஜெயக்கொடி', 'வனமோகினி' ஆகிய தமிழ்ப் படங்களுக்கு அவர் இசையமைத்திருந்தார். பகவான் இயக்கி நடித்த 'அல்பேலா' (1951) படத்தில் சிக் சாக்லெட்டின் குழு ராம்சந்திராவின் மெட்டுகளுக்கு வாசித்ததோடு திரையிலும் தோன்றியது. ஊதுகருவிக் கலைஞரின் முகம் இந்தித் திரையில் தெரிந்த அரிய தருணங்களுள் இது ஒன்று.

பாட்டு உருவாகும் முறை

செம்பூரில் 1948இல் எழுந்த ஆர்.கே. ஸ்டூடியோவின் படங்களை எடுத்துக்கொண்டால் இந்த உழைப்புப் பிரிவினை தெளிவாகும். 'பர்சாத்' (1949) வழியாக அறிமுகமான சங்கர்–ஜெய்கிஷன் இணையரின் பாடல்களுக்கு, 1950களின் தொடக்கம் முதல் வாத்திய அமைப்பை எழுதியவர் செபாஸ்டியன் டிசூசா. பிரிவினைக்கு முன் லாகூரில் ஓட்டல் குழு நடத்தியவர் அவர்.

இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார். அது நினைவிலும் சரிகம எழுத்திலும் தங்கும். அதைக் கேட்டு ஐந்துகோட்டுக் குறியீட்டில் எழுதி, எந்த இடத்தில் வயலின்கள் ஏறும், எந்த இடத்தில் டிரம்பெட் விடை சொல்லும், பாடகரின் குரலுக்கு அடியில் எந்த எதிர்மெட்டு ஓடும் என்று தீர்மானிப்பது வாத்திய அமைப்பாளரின் வேலை. அதன்பின் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தாள் படியெடுக்கப்படும். கலைஞர்கள் பதிவு நாளன்று தாளைப் பார்த்து வாசித்து, ஷிப்டுக்குரிய கூலியைப் பெற்றுச் செல்வார்கள். படத்தின் பெயர்ப்பட்டியலில் வாத்திய அமைப்பாளருக்குக் கிடைத்தது பெரும்பாலும் 'உதவியாளர்' என்னும் சொல். வாசித்தவருக்கு அதுவும் பொதுவாக இல்லை.

1966இல் வெளியான 'தீஸ்ரி மன்ஸில்' இந்த நிலையின் உச்சம். கதாநாயகன் ஒரு ஓட்டல் ராக் குழுவின் டிரம்ஸ் கலைஞன். ஆர்.டி. பர்மனின் இசையில் ஊதுகருவிகளும் மின்கிதாரும் மோதிப் புரள்கின்றன. திரையில் டிரம்ஸ் அடிப்பவர் ஷம்மி கபூர். ஒலிப்பதிவில் அடித்தவர் லெஸ்லி கொடின்ஹோ. ஓட்டல் குழுக்களின் வாழ்வையே கதைக்களமாகக் கொண்ட படத்திலும் ஓட்டல் குழுக்களின் வழிவந்த கலைஞர்கள் திரைக்குப் பின்னால்தான் நின்றனர். இரண்டாண்டுகள் கழித்துத் திரைப்படத்துக்கு வெளியே வந்த 'ராக-ஜாஸ் ஸ்டைல்' (1968) இசைத்தட்டு இதற்கு நேர்மாறு. சிதாரில் ரயீஸ்கான், டிரம்பெட்டில் ஜான் பெரேரா, சாக்சபோனில் மனோகரி சிங், டிரம்ஸில் அதே கொடின்ஹோ என்று வாசித்தவர்களின் பெயர்கள் பதிவாகியுள்ளன. ஆள்கள் அவர்களே. மாறியது தொழில் அமைப்பு மட்டுமே.

எழுதியவனுக்கே உரிமை என்ற சட்டம்

இங்குதான் சிக்கல் கூர்மையடைகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், இசைப்படைப்பு என்பதை அச்சிடப்பட்ட, எழுதப்பட்ட அல்லது வரைவடிவில் ஆக்கப்பட்ட மெட்டு அல்லது ஒத்திசை என்றே வரையறுத்தது. பாடிக் காட்டிய மெட்டு, எழுத்தாகும்வரை சட்டத்தின் கண்ணில் படைப்பே அன்று. அந்த வரையறையைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், பம்பாய் நிலையங்களில் இசையைத் தாளில் எழுதியவர்கள் செபாஸ்டியன் டிசூசாவும் அந்தோனி கொன்சால்வெஸும் போன்றவர்களே. உரிமையோ அவர்களை எட்டிப் பார்க்கவில்லை.

1977இல் உச்சநீதிமன்றம், இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பளித்தது. ஊதியம் கொடுத்துப் படத்துக்காக இசை செய்விக்கும் தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவ்விசையின் முதல் உரிமையாளர் என்பது அதன் சாரம். அத்தீர்ப்புக்கு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தனிக்குறிப்பு, சட்டம் காப்பது எழுத்தில் உள்ள மெட்டையே, குரலையும் வாசிப்பின் அழகையும் அன்று என்று சுட்டி, பாடகருக்கு உரிமையில்லாத நிலையைக் குறை கூறியது. பாடகரின் இழப்பு அவர் கண்ணில் பட்டது. எழுதித் தந்தவரின் இழப்பு வழக்கின் எல்லைக்குள்ளேயே வரவில்லை.

அதே 1977இல்தான் 'அமர் அக்பர் அந்தோனி' வெளியானது. அதில் அமிதாப் பச்சனின் பாத்திரத்துக்கு அந்தோனி கொன்சால்வெஸ் என்று பெயர். இசையமைத்த லட்சுமிகாந்த்–பியாரேலால் இணையரில் பியாரேலால், தமக்கு வயலின் கற்பித்த ஆசிரியருக்குச் செலுத்திய நன்றி அது. உண்மையான கொன்சால்வெஸ் (1927–2012) வாத்திய அமைப்பாளர். 1958இல் இந்துஸ்தானி ராகங்களை மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கென எழுதித் தம் சிம்பொனிக் குழுவை மேடையேற்றியவர். நாடே அவர் பெயரைப் பாடியது. பாடியவர்களுள் மிகப் பலர் அதை ஒரு நகைச்சுவைப் பாத்திரத்தின் பெயராக மட்டுமே அறிந்தனர்.

பின்வந்த திருத்தங்கள் நிலைமையை முழுதும் மாற்றவில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தம், எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையை உருவாக்கியவரே இசையமைப்பாளர் என்றது. நிகழ்த்துநர் உரிமையையும் கொண்டுவந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநருக்கு உரிமைத்தொகைக்கு வழிசெய்தது. ஆனால் அதே திருத்தம் ஒரு விலக்கையும் சேர்த்தது: திரைப்படத்தில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாகவோ துணைநிலையினதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியலிலும் அவர் குறிப்பிடப்படுவதில்லை எனில், திரிபுக்கு எதிரான பாதுகாப்பு ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு அவர் நிகழ்த்துநராகக் கருதப்படார். பெயர் இல்லாமை வெறும் அவமதிப்பாக இருந்த நிலை போய், உரிமையை மறுப்பதற்கான அளவுகோல்களுள் ஒன்றாகவும் ஆகிவிட்டது. எது 'துணைநிலை' என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் டிரம்பெட் கலைஞர் இருந்ததில்லை.

மாட்டுங்காவிலிருந்து ஒரு ஒப்பீடு

இதே நகரில் மாட்டுங்காவின் தமிழர்கள் வேறொரு வழக்கத்தைப் பேணினர். அங்குள்ள சபாக்களின் கச்சேரி அழைப்பிதழில் பாடகருடன் வயலின், மிருதங்கம், கடம் என ஒவ்வொரு பக்கவாத்தியக்காரரின் பெயரும் அச்சாகும். திருமண அழைப்பிதழிலும் நாகசுரக் கலைஞரின் பெயரைப் போடுவது பெருமையாகக் கருதப்பட்டது. நாகசுரமும் ஊதுகருவிதான், ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அவர் பெயராலேயே அறியப்படுகிறது. ஆயினும் இதே மரபினர் திரைப்படம் பார்க்கையில் ஊதுகருவிக் கலைஞரின் பெயரைக் கேட்கவில்லை. சென்னையிலும் நிலை இதுவே: மெல்லிசை மன்னர்களின் பாடல்களை அறிந்த அளவுக்கு, அவர்களுக்கு உதவிய ஹென்றி டேனியலையோ ஜோசப் கிருஷ்ணாவையோ தமிழ்ச் சமூகம் அறியவில்லை. ஆகவே பெயரிடும் பண்பு சமூகத்தில் இல்லாமல் போகவில்லை. புதிய தொழிலுக்குள் அது கொண்டுசெல்லப்படவில்லை.

1980களில் தொடங்கி 1990களில் நிலைபெற்ற சின்தசைசரும் தனித்தனித் தடங்களில் பதியும் முறையும் பெரிய வாத்தியக் குழுக்களைக் கலைத்தன. கிரிகரி பூத்தின் 'பிஹைண்ட் தி கர்ட்டன்' (2008) அக்கலைஞர்களைக் கண்டு பேசித் தொகுத்திராவிட்டால், நரேஷ் பெர்னாண்டஸின் 'தாஜ்மகால் ஃபாக்ஸ்டிராட்' ஓட்டல் காலத்தை ஆவணப்படுத்தியிராவிட்டால், இன்று எஞ்சியிருப்பவை இசைத்தட்டுகள் மட்டுமே. தமிழ்த் திரையிசைக்கு அத்தகைய பணி இன்னும் போதிய அளவில் நிகழவில்லை. வாத்தியத் தாள்கள், ஒலிப்பதிவு நிலையங்களின் கூலிப் பதிவேடுகள், இசைக்கலைஞர் சங்க உறுப்பினர் பட்டியல்கள் ஆகியன பழைய காகிதமாக எடைக்குப் போகுமுன் தேடப்பட வேண்டியவை. சட்டம் பெயரைச் சான்றாகக் கேட்கும் காலத்தில், பெயர்களைத் திரட்டுவது இசை வரலாற்றாய்வின் பணி மட்டுமன்று. உழைப்பின் கணக்கைத் தீர்க்கும் பணியும் ஆகும்.