நோயற்றவள் எனப்பட்ட தாய்

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை. மூக்கிலிருந்து இரத்தம் கலந்த சளி ஒழுகுகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் உரிகிறது. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியுள்ளன. எலும்பு முனைகள் அழற்சியுற்று வலிப்பதால், பக்கவாதம் வந்தாற்போலக் கையை அசைக்காமல் கிடக்கிறது. இதுவே பிறவி மேகநோய், அதாவது சிபிலிஸ். இந்நோயால் கருவிலேயே இறக்கும் குழந்தைகளும் உண்டு.

இக்குழந்தையின் தாய் எப்படி இருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் ஒரு நோய்க்குறியும் இன்றி நலமாகவே காணப்படுவாள்! இந்தப் புதிர் மருத்துவர்களை ஏறத்தாழ 70 ஆண்டுகள் குழப்பியது.

1837-ஆம் ஆண்டில் டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் ஓர் உண்மையைக் கவனித்து எழுதினார். நோயுள்ள குழந்தைக்குப் பாலூட்டும் செவிலித்தாய்க்கு மார்பில் புண் உண்டாகிறது. பெற்ற தாய்க்கோ உண்டாவதில்லை. இது 'காலிஸ் விதி' என்று பெயர் பெற்றது. அவர் கண்டது சரியே. ஆனால் பின்வந்தோர் பலர் அதற்குக் கூறிய விளக்கம்தான் தவறு. தாய்க்கு நோயே இல்லை, தந்தையின் விந்து வழியாக நோய் நேரே கருவுக்குச் செல்கிறது என்று அவர்கள் நம்பினர். நோயில்லை என்று கருதப்பட்டவளுக்கு மருந்து கொடுப்பார் யார்? அடுத்த குழந்தையும் அதே நோயுடன் பிறந்தது.

1905-இல் ஷாடின், ஹாஃப்மன் இருவரும் பெர்லினில் இந்நோயின் திருகுவடிவக் கிருமியைக் கண்டுபிடித்தனர். மறு ஆண்டே வாசர்மன் குழுவினர் இரத்தப் பரிசோதனை ஒன்றை வெளியிட்டனர். 'நலமான' தாய்மார்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருப்பது தெரிந்தது. ஏற்கெனவே நோய் உடலில் மறைந்திருந்ததால்தான் புதிய புண் தோன்றவில்லை. தாயின் இரத்தத்திலிருந்தே கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது.

1943-இல் நியூயார்க்கில் ஜான் மஹோனி குழுவினர் பெனிசிலினால் இந்நோயைக் குணப்படுத்தினர். இம்மருந்தும் நஞ்சுக்கொடியைக் கடக்க வல்லது. ஆகவே கர்ப்பிணிக்கு உரிய காலத்தில் ஊசி போட்டால் கருவிலுள்ள குழந்தையும் பிழைக்கிறது. தாயிடமிருந்து சேய்க்கு இந்நோய் பரவுவதை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கியூபாவுக்கும், 2019-இல் இலங்கைக்கும் சான்றளித்தது.

இருந்தும் இன்றுவரை உலகில் குழந்தைகள் இந்நோயுடன் பிறக்கின்றன. கருவுற்ற தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனை ஏன் என்று யாரேனும் உங்களிடம் கேட்டால், இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். தாயின் தோற்றத்தை வைத்து முடிவு கட்டியதற்கு விலை கொடுத்தவை பச்சிளங் குழந்தைகளே.