பட்டுச் சட்டையும் சவாரிக் கூலியும்

ஆரணியில் தறியோசையைக் கேட்டே வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்குப் பட்டு என்றவுடன் முகூர்த்தப் புடவையும் சரிகைக் கரையும் நினைவுக்கு வருமேயன்றி, குதிரைப் பந்தயம் ஒருநாளும் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் பந்தயக் குதிரையின்மேல் ஏறுகின்றவன் அணியும் வர்ணச் சட்டைக்கு ஆங்கிலேயர் இட்டு வழங்கிய பெயரே பட்டு என்பதுதான். 1762ஆம் ஆண்டில் நியூமார்க்கெட்டில் கூடிய ஜாக்கி கிளப்பார், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் இன்னாருடைய குதிரை இது என்று விளங்கும்பொருட்டு, ஒவ்வோர் உரிமையாளரும் தமக்கென ஒரு வர்ணத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதித்தார்கள். அந்த வர்ணச் சட்டையை அணிந்தவர்களில் ஒருவன் கூலி வாங்குகிறவன், மற்றொருவன் வாங்காதவன் என்று பிறகு வகுக்கப்பட்ட பேதத்தின் கதையை, கூலிக்கு நெய்து வாழும் இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்லுவது பொருத்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஊருக்குக் குதிரையின் குளம்போசை புதியதன்று. ஆர்க்காட்டு முற்றுகையைத் தாங்கி நின்ற ஆங்கிலேயத் தளபதி கிளைவ், 1751ஆம் ஆண்டின் கடைசியில் மராட்டியக் குதிரை வீரரின் துணையோடு ராஜா சாகிப்பின் சேனையை எதிர்த்து வென்றது இந்த ஆரணியில்தான். 1782ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட்டும் மோதிக்கொண்டதும் இங்கேயே. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10ஆம் தேதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி எட்டியபோது, ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி தம் குதிரைப் படையோடு ஆர்க்காட்டிலிருந்து விரைந்து சென்று கோட்டைக்குள் புகுந்து கொடிய பழி தீர்த்தார். இவற்றுக்கெல்லாம் முன்னால், 1714ஆம் ஆண்டில், ஆர்க்காட்டு நவாபின் பெரும் சேனைக்கு எதிரே இளவயதில் உயிர்நீத்த செஞ்சி தேசிங்குராஜனையும் அவனுடைய குதிரை பாராசாரியையும் பற்றிய கதைப்பாட்டை இந்தப் பிரதேசத்துக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கிறார்கள். எவரும் அடக்கமுடியாத குதிரையை டில்லியிலே அடக்கியவன் என்பதே அப்பாட்டில் அவனுடைய முதற்பெருமை. அவன் எதற்காக அதன்மேல் ஏறினான், என்ன சம்பளம் பெற்றான் என்று கேட்க நம்மவருக்குத் தோன்றவே இல்லை. ஏறி அமர்ந்தானா என்பது ஒன்றே கேள்வி.

அந்தச் சம்பளக் கேள்வி எழுந்தது வேறோர் இடத்தில். வேலி, பள்ளம், மதில், ஓடை இவற்றைத் தாண்டி ஓடும் பந்தயம் அயர்லாந்திலே தோன்றியது. 1752ஆம் ஆண்டில் ஓகல்லகன், பிளேக் என்ற இரு கனவான்கள், பட்டெவன்ட் என்ற ஊரின் மாதாகோயில் கோபுரத்திலிருந்து டோனரைல் என்ற ஊரின் கோபுரம் வரையில் சுமார் நாலரை மைல் தூரம், வழியில் எது குறுக்கிட்டாலும் தாண்டிச் செல்வது என்று பந்தயம் கட்டிக்கொண்டார்கள். கோபுரத்தைக் குறிவைத்து ஓடியதனால் கோபுர ஓட்டம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரே இவ்வகை ஓட்டத்துக்கு நிலைத்துவிட்டது. நம் பழைய நூல்கள் குதிரைக்கு ஐந்து கதிகளை வகுத்து, மயிலின் பெயரால் ஒன்றும் குரங்கின் பெயரால் ஒன்றும் வழங்கியதை அறிந்தவர்கள், பாய்ச்சலின் அழகை நம் முன்னோரும் கூர்ந்து கவனித்திருந்தார்கள் என்பதை ஒப்புவார்கள்.

சென்னை ராஜதானிக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் குதிரைப் பந்தய வழக்கத்தைத் தம்முடன் கொண்டுவந்தார்கள். கிண்டியில் 1777ஆம் ஆண்டிலேயே பந்தயத்துக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. சென்னைப் பந்தயக் கழகம் அமைந்தது 1896ஆம் ஆண்டில். ஆனால் கிண்டியில் வேரூன்றியது சமதள ஓட்டமேயொழியத் தடை தாண்டும் ஓட்டம் அன்று. தாண்டும் சவாரிக்கு உரிய மேடுபள்ளமும் புல்வெளியும் உதகமண்டலத்தில் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அங்கே வேட்டைநாய்க் கூட்டத்தோடு குதிரையேறிச் செல்லும் வழக்கம் தொடங்கி, பின்னாளில் வென்லாக் புல்வெளிகள் அதனாலேயே பெயர்பெற்றன. இங்கிலாந்தின் செந்நிற நரி நீலகிரியில் இல்லாமையால் குள்ளநரியைத் துரத்தினார்கள். பாண்டியனுக்காகப் பரி வாங்கப் போன மாணிக்கவாசகரின் பொருட்டு இறைவன் நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைக் கேட்டு வளர்ந்த நாட்டில், பரி நரியைத் துரத்திய காட்சியைக் கண்ட மலைவாசிகள் என்ன நினைத்திருப்பார்களோ!

இனிக் கூலியின் விஷயத்துக்கு வருவோம். இத்தகைய வேட்டைகளில் பயின்ற ராணுவ அதிகாரிகளும் நிலப்பிரபுக்களும் இங்கிலாந்தில் தாமே தம் குதிரைகளின்மேல் ஏறிப் பந்தயம் ஓடினார்கள். 1866ஆம் ஆண்டில் தடை ஓட்டத்துக்கென்று ஒரு நிர்வாக சபை ஏற்பட்டபோது, ஊதியம் பெறாத 'அமெச்சூர்' சவாரிக்காரன் யார் என்று இலக்கணம் வகுக்க வேண்டியதாயிற்று. பணம் வாங்கி ஏறாமல் இருந்தால் மாத்திரம் போதாது. பட்டம் பெற்ற பிரபுவாகவோ, தரை, கடற்படைகளின் அதிகாரியாகவோ, குறிப்பிட்ட சில கழகங்களின் அங்கத்தினராகவோ இருந்தவர்களுக்கு அந்த வாயில் எளிதாகத் திறந்தது. பந்தயச் சீட்டில் கூலிச் சவாரிக்காரனின் பெயர் மொட்டையாக அச்சாகும். அமெச்சூரின் பெயருக்கு முன்னால் மாத்திரம் 'மிஸ்டர்' என்றோ 'காப்டன்' என்றோ ஒரு மரியாதை ஒட்டிக்கொள்ளும். இந்தப் பேதம் நம் நாடக மேடைக்கும் புதியதன்று. 1891ஆம் ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடை ஏற்றியபோது, நாடகத்துக்கு ஒரு புது அந்தஸ்து உண்டாயிற்று என்று நாம் கொண்டாடுகிறோம், அது நியாயந்தான். ஆனால் அதே கூத்தை வயிற்றுப் பிழைப்புக்காக ஆடியவனுக்கு அந்த அந்தஸ்தில் பங்கு கிடைத்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

கோர்வை பிசகாமல் கரையும் உடலும் சேர்த்து நெய்யும் நெசவாளி கூலி வாங்குகிறான் என்பதற்காக அவன் கைத்திறம் குறைந்தது என்று ஆரணியில் எவரும் சொல்லமாட்டார். தொழிலுக்குக் கூலி பெறுவதை இழுக்காகக் கருதிய அந்த விதி, சவாரியின் விதியன்று. அது ஜாதியின் விதி. அது எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் போதும். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், குதிரையை இசைவாக நடத்திக் காட்டும் போட்டியில் சுவீடன் கோஷ்டி தங்கப் பதக்கம் பெற்றது. அந்நாளில் படைவீரர்களுள் ஆணை பெற்ற அதிகாரிகளே அப்போட்டியில் பங்குகொள்ளலாம். ஆகையால் சார்ஜண்டாக இருந்த பெர்சன் என்பவரைப் போட்டிக்காக அதிகாரியாக உயர்த்தி, அது முடிந்தபின் பழைய நிலைக்கே இறக்கிவிட்டார்கள். விஷயம் வெளிப்பட்டு, 1949ஆம் ஆண்டில் பதக்கம் பறிக்கப்பட்டது. பிறகு விதி தளர்ந்தது. 1952ஆம் ஆண்டிலும் 1956ஆம் ஆண்டிலும் அந்தக் கோஷ்டியின் அதே மூவர், பெர்சன் உட்பட, அதே போட்டியில் தங்கம் வென்றார்கள். நம் நாட்டிலோ, 1982 டில்லி ஆசிய விளையாட்டில், கரடுமுரடான வெளியில் தடை தாண்டுவதையும் உள்ளடக்கிய மும்முனைப் போட்டியில் தனிநபர் தங்கம் பெற்றவர், 61ஆம் குதிரைப்படையில், முழு அதிகாரி வகுப்பைச் சாராத ரிசால்தார் என்று அறியப்பட்ட ரகுபீர் சிங்.

ஆனால் விதிகள் அனைத்தையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பது பிழை. வாய்பேசாத ஜீவனைக் காப்பதற்காக ஏற்பட்ட விதிகளை நான் மனமார வரவேற்கிறேன். இங்கிலாந்தின் செல்ட்டனத்தில் அமெச்சூர்களுக்கென்றே நடந்துவந்த நான்கு மைல் பந்தயத்தில், 2019ஆம் ஆண்டு பதினெட்டுக் குதிரைகள் புறப்பட்டு நான்கு மாத்திரமே முடிவை எட்டின, ஒன்று மாண்டது. களைத்த குதிரையை மேலும் செலுத்தலாகாது, அனுபவம் குறைந்தவர் இதில் ஏறலாகாது என்ற கட்டுப்பாடுகள் அதன்பின் இறுகின. 1860ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தப் பந்தயம் 2025 முதல் கூலிச் சவாரிக்காரருக்கும் திறந்துவிடப்பட்டது. 2022ஆம் ஆண்டில் நோபிள் யேட்ஸ் என்ற குதிரையின்மேல் ஏறி கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்ற அமெச்சூர் வேலி-கோஹன், சாட்டையை அளவுக்குமேல் பயன்படுத்தியதற்காக வெற்றி பெற்ற அன்றே ஒன்பது நாள் தடைக்கு உள்ளானார். கனவான் என்பதற்காக அவருக்குச் சலுகை காட்டப்படவில்லை. தடை ஓட்டத்தில் ஏழு அடிக்குமேல் சாட்டை விழக்கூடாது என்பது 2023ஆம் ஆண்டில் வந்த நியதி.

முற்காலத்தில் தடையில் இடறி விழுந்தவன் மறுபடியும் குதிரைமேல் தாவி ஏறி ஓட்டத்தை முடித்தால் அதைச் சாகசம் என்று புகழ்ந்தார்கள். 2009ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் அதற்கு அனுமதி இல்லை. பிரபுவானாலும் கூலிக்காரனானாலும், விழுந்தவனுக்குப் பந்தயம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.