விமான அதிர்வலை: கண்ணுக்குத் தெரிந்த வரலாறு

ஒலியை முந்திப் பறக்கும் பொருளின் முன்னால் இருக்கும் காற்றுக்கு விலகிக்கொள்ள அவகாசம் இல்லை. மயிரிழையைவிட மெல்லிய ஒரு படலத்துக்குள் அழுத்தமும் அடர்த்தியும் சட்டென எகிறுகின்றன. இதுவே அதிர்வலை. காற்றைப் போலவே இதற்கும் நிறமில்லை. ஆனால் அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி சற்றே வளையும். அந்த வளைவைப் படமாக்கும் ஷ்லீரன் முறையை 1860களில் ஜெர்மானியர் அகஸ்ட் டோப்ளர் வகுத்தார்.

பிராகில் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் மாக்கை இந்தத் துறைக்குள் இழுத்தது ஒரு போர்க்களப் புதிர். பிரான்ஸ்–பிரஷ்யப் போரில் சில குண்டுக் காயங்கள் பள்ளம்போல் அகன்றிருந்தன. குண்டின் முன்னால் திரளும் காற்றுதான் காரணம் என்றொரு கருத்து எழுந்தது. அதைச் சோதிக்க, மாக்கின் வேண்டுகோளின்படி ஃபியூமே கடற்படைக் கல்லூரியின் பீட்டர் சால்ஷர் 1886இல் பாயும் துப்பாக்கிக் குண்டை மின்பொறி வெளிச்சத்தில் படம்பிடித்தார். குண்டின் முனையிலிருந்து இரு கோடுகள் பின்னோக்கி விரிந்திருந்தன. 1929இல் சுவிஸ் பொறியாளர் யாக்கோப் ஆக்கெரெட், ஒரு பொருளின் வேகத்தை ஒலிவேகத்தோடு ஒப்பிடும் எண்ணுக்கு மாக்கின் பெயரையே சூட்டினார்.

1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் மாக் 1.06ஐத் தொட்டார். விமானத்தைச் சுற்றிய அலையைப் படமெடுக்க அன்று வழியில்லை.

மக்கள் மனத்தில் பதிந்த படமோ வேறு. 1999 ஜூலையில் பசிபிக் கடல்மேல் எஃப்/ஏ-18 ஹார்னெட் ஒன்று வெண்ணிறக் கூம்புக்குள்ளிருந்து வெளிப்படுவதை அமெரிக்கக் கடற்படையின் ஜான் கே எடுத்தார். ‘ஒலித்தடையை உடைக்கும் நொடி’ என்று அது உலகைச் சுற்றியது. உண்மையில் அந்தக் கூம்பு மேகம்தான்: விமானத்தைச் சுற்றி அழுத்தம் குறையும் இடத்தில் காற்று விரிந்து குளிர, ஈரப்பதம் துளிகளாகிறது. கடற்காற்று ஈரமாக இருந்தால், ஒலிவேகத்தை எட்டும் முன்பே அது தோன்றிவிடும். அழகு குறையாத படம். தடை உடைந்ததற்கு மட்டும் அதைச் சாட்சியாக்க முடியாது.

வானில் பறந்த விமானத்தின் அதிர்வலையைத் தெளிவாகக் காட்டியவர் நாசாவின் லெனார்ட் வைன்ஸ்டைன். 1993இல் சூரிய விளிம்பைப் பின்னணியாக்கி, மாக் 1.1இல் சென்ற டி-38 பயிற்சி விமானத்தைத் தரையிலிருந்து எடுத்தார். பிறகு மேலிருந்து படமெடுக்க, பாலைவனத் தரையே பின்னணியாயிற்று; புதர்க்கோலம் எங்கே பிறழ்கிறது என்பதைக் கணினி கணக்கிடும். 2019இல் வெளியான நாசா படங்களில், அருகருகே பறந்த இரு டி-38களின் அலைகள் ஒன்றையொன்று தொட்டு வளைவது தெரிந்தது.

அலைகள் ஒன்றுசேர்ந்து தரையை எட்டுவதே காதைப் பிளக்கும் ஒலிமுழக்கம். அதனால்தான் 1973இல் அமெரிக்கா தன் நிலப்பரப்பின்மேல் ஒலியை முந்தும் பயணிகள் விமானங்களைத் தடுத்தது. அலைகள் ஒன்றுசேராதபடி நீண்ட மூக்குடன் நாசாவுக்காக வடிவமைக்கப்பட்ட எக்ஸ்-59 விமானம், 2025 அக்டோபரில் முதன்முறையாகப் பறந்தது.