திருச்சி – சிங்கப்பூர்: பறப்பது 4¼ மணி நேரம், டிக்கெட்டில் 6¾ மணி நேரம் தெரிவது ஏன்?

திருச்சி,

திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, பெரம்பலூர் மாவட்டங்களில் சிங்கப்பூருக்கு ஆள் போகாத ஊர் குறைவு. ஆனாலும் முதல் தடவை போகிறவர்களை டிக்கெட்டில் உள்ள நேரம் குழப்பி விடுகிறது. நேரம் தப்பினால் டிக்கெட் பணம் பெரும்பாலும் போனதுதான். வேலைக்கு சேர வேண்டிய நாளும் தள்ளிப் போய்விடும்.

எவ்வளவு தூரம்?

திருச்சி விமான நிலையத்தில் இருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் வான்வழியில் சுமார் 2 ஆயிரத்து 980 கி.மீ. தூரம். வங்கக்கடல், சுமத்ரா தீவின் வடமுனை, மலாக்கா ஜலசந்தி வழியாக விமானம் போகிறது. ஸ்கூட், இண்டிகோ உள்ளிட்ட நிறுவனங்களின் நேரடி விமானத்தில் 4 முதல் 4½ மணி நேரம் பிடிக்கும். கொழும்பு, கோலாலம்பூரில் மாறிப் போனால் காத்திருப்பும் சேர்ந்து 8 மணி நேரத்தை தாண்டலாம்.

2½ மணி நேர வித்தியாசம்

சிங்கப்பூர் கடிகாரம் நம்ம நேரத்தை விட 2½ மணி நேரம் முந்தி ஓடுகிறது. 1982-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி அங்கே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதுவரை வித்தியாசம் 2 மணி நேரம்தான்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர் கணக்கு. போய்ச் சேரும் நேரம் சேருகிற ஊர் கணக்கு.

உதாரணமாக, இங்கே ராத்திரி 12.30-க்கு கிளம்பினால் அங்கே காலை 7.15 என்று போட்டிருக்கும். பார்த்தால் 6¾ மணி நேரம்! திரும்பி வரும்போது அங்கே இரவு 8.30-க்கு ஏறினால் இங்கே 10.15-க்கு இறங்கலாம். பார்த்தால் 1¾ மணி நேரம்தான்! இரண்டுக்குமே பறக்கும் நேரம் 4¼ மணிதான். அழைத்து வர கார் எடுத்துப் போகிறவர்கள் திருச்சி நேரத்தை மட்டும் பார்த்தால் போதும்.

தேதியில் உஷார்

பலர் ஏமாறுவது நள்ளிரவு விமானத்தில்தான். 15-ந்தேதி 00.30 என்று இருந்தால் 14-ந்தேதி ராத்திரி 9.30-க்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ந்தேதி ராத்திரி போய் நின்றால் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். கவுண்ட்டரை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடி விடுவார்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் இணையதளத்தில் பூர்த்தி செய்ய வேண்டும். இது இலவசம். இதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மொத்த கணக்கு

காரைக்குடியில் இருந்து கிளம்புகிறவருக்கு சாலையில் 2 மணி நேரம், விமான நிலையத்தில் 3 மணி நேரம், வானத்தில் 4¼, சாங்கியில் வெளியே வர ஒரு மணி நேரம். ஆக, 10 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி நாள் கணக்கில் கடலில் போன காலத்தை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.